கொல்லைப்புறத்துச் சேம்பு

சங்கப் பாடல்களில் பயிலும் செடிகொடிகளுக்குப் பொருள் கூறும்போது தமிழாசிரியர்களுக்குக் கைகொடுக்கும் தொடர் ஒன்று உண்டு. 'ஒருவகைச் செடி' என்பதே அது. ஒருவகைப் பூ, ஒருவகைக் கொடி, ஒருவகை மரம் என்று கூறிவிட்டு அடுத்த அடிக்குச் சென்றுவிடுவோம். மாணவரும் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெற்றுவிடுவர். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நின்று வரும் யாமும் இத்தொடரைப் பலமுறை கையாண்டுள்ளோம். பெரும்பாலும் அஃது அறியாமையால் வந்தது. ஒரேயொரு செடியைப் பற்றி மட்டும், அறிந்ததை மறைப்பதற்காகவே அவ்வாறு எழுதினோம். துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க்குழுவினர் கேட்டபோது, ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றைத் தருவதைக் காட்டிலும் அந்தப் பிழையை எழுதி வைப்பதே முறை என எமக்குத் தோன்றிற்று. அச்செடியின் பெயர் சேம்பு.

சேம்பை அறியாத தமிழர் அரியர். கடையில் வாங்கும் சேப்பங்கிழங்கு, சேம்பின் தாய்க்கிழங்கைச் சுற்றிக் கிளைக்கும் பக்கக்கிழங்கே ஆகும். வெப்பமண்டலக் காடுகளின் ஈரமும் நிழலும் பொருந்திய ஓடைக் கரைகளில் இது தானே வளரும். வீட்டுக் கொல்லையிலும் வாய்க்கால் வரப்பிலும் நட்டாலும் வளரும். தாவரவியலார் இதனை ஏரேசி என்னும் குடும்பத்தில் சேர்ப்பர். சேனையும் நீரில் மிதக்கும் ஆகாயத்தாமரையும் இதன் உறவுகளே. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட இக்குடும்பத்தின் அடையாளம் பூவின் அமைப்பில் உள்ளது. சதைப்பற்றுள்ள கதிர் ஒன்றில் சிறு பூக்கள் நெருங்கி அமர்ந்திருக்க, அக்கதிரைப் பாளை போன்ற ஒற்றை மடல் சூழ்ந்து காக்கும். ஆயினும் தோட்டத்துச் சேம்பு பூப்பது அரிது. பூவால் புகழ் பெறாத செடி இது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் செல்லும் தொண்ணூற்றொன்பது மலர்களுள் இதற்கு இடமில்லை. இதன் பெருமையெல்லாம் இலையிலும் கிழங்கிலுமே அடங்கியுள்ளது.

மழையும் தறியும்

எம் ஊர் பொதிகை மலைத்தொடரின் அடிவாரத்தில், சிற்றாற்றுப் பாசனத்தில் அமைந்தது. யாம் சிறுவராயிருந்த 1980களின் இறுதியில் எம் தெருவில் பெரும்பாலான வீடுகளில் குழித்தறி இருந்தது. எம் வாப்பா கைலி நெய்தார். தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை இறக்கி, மிதியை மிதித்து, நாடாவை இப்புறமும் அப்புறமும் ஓட்டி அவர் நெய்யும் ஓசை கேட்டே யாம் விழித்தோம். அவ்வோசை கேட்டே உறங்கினோம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் அவ்வோசை நின்றுவிடும். பருவமழை தொடங்கியதும் தறிக்குழியில் நீர் ஊறும். பாவுக்குக் கஞ்சி தோய்த்துத் தெருவில் நீள விரித்து உலர்த்துவதற்கு வெயில் இராது. நூல் ஈரம் ஏறி அறும். தறி நின்றால் கூலியும் நின்றது. வாரக் கூலியில் அரிசி வாங்கும் வீட்டில் மழை என்பது மகிழ்ச்சியன்று, ஓர் அச்சம்.

ஆனால் தறியை நிறுத்திய அதே மழைதான் கொல்லைப்புறத்தில் சேம்பை எழுப்பியது. எம் வீட்டுக் கிணற்றடியில் வழியும் நீர் சிறு வாய்க்காலாக ஓடி வேலிப்புறம் சேரும். அதன் இரு கரையிலும் எம் தாயைப் பெற்ற பாட்டியார், யாங்கள் உம்மம்மா என அழைத்தவர், சேம்பை நட்டு வைத்திருந்தார். கோடையில் இரண்டொரு இலையுடன் வாடிக் கிடக்கும் செடி, மழை கண்ட சில வாரங்களில் எம் இடுப்பளவு உயர்ந்துவிடும். மழை பெய்யும்போது ஓர் இலையைத் தண்டோடு ஒடித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓடியிருக்கிறோம். இலைமேல் நீரை ஊற்றி, அது சிறிதும் ஒட்டாமல் முத்தாகத் திரண்டு உருளுவதைக் கண்டு களித்திருக்கிறோம். இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்மேடுகளும் மெழுகுப் பூச்சும் இருப்பதே நீர் ஒட்டாமைக்குக் காரணம் என்பதைப் பின்னாளில் படித்தறிந்தோம்.

மழைக்காலத்தில் எம் வீட்டு அடுப்பில் சேம்பு வேகாத நாள் குறைவு. உம்மம்மா கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, இன்னும் விரியாமல் சுருண்டிருக்கும் இளங்குருத்துகளைப் பறிப்பார். தண்டின் மேல்தோலை நார் நாராக உரிப்பார். புளியைக் கரைத்து ஊற்றி, நீண்ட நேரம் வேகவைத்து, பூண்டும் வற்றல் மிளகாயும் தட்டிப் போட்டு இறக்குவார். ஒருநாள் பசி தாளாமல், பாதி வெந்த சட்டியில் கைவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டோம். நாவும் தொண்டையும் முள்ளால் குத்தியதுபோல் எரிந்து அரித்தன. உம்மம்மா அடிக்கவில்லை. ஒரு புளியுருண்டையை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, "காட்டுலேருந்து வந்த பொருளு வாப்பா. பொறுத்தவனுக்குத்தான் சோறு, அவசரப்பட்டவனுக்குக் குத்தும்" என்றார்.

அவர் கூறியதில் அறிவியல் இருந்தது. சேம்பின் எல்லாப் பகுதிகளிலும் கால்சியம் ஆக்சலேட் என்னும் பொருள் ஊசி வடிவப் படிகங்களாகக் கட்டுக்கட்டாக இருக்கிறது. திசு கடிபடும்போது அவ்வூசிகள் வெளிப்பட்டு நாவிலும் தொண்டையிலும் தைக்கின்றன. விலங்குகள் மேய்ந்து அழிக்காமல் தன்னைக் காத்துக்கொள்ளக் காட்டுச் செடி தேடிக்கொண்ட படைக்கலம் அது. முழுமையாக வேகவைத்தால் அதன் கொடுமை அடங்கும். புளிப்பு அதற்குத் துணை செய்யும் என்பது நெடுங்கால அனுபவம். எல்லாச் சேம்பும் உண்ணத்தக்கதன்று என்பதையும் ஈண்டுச் சொல்லிவைக்க வேண்டும். ஓடைக் கரைகளில் காணும் காட்டு வகைகளையும், சேம்பைப் போன்றே தோன்றும் வேறு செடிகளையும் அறிந்தவர் காட்டாமல் அடுப்பில் ஏற்றலாகாது. உம்மம்மாவுக்கு அவ்வேறுபாடு தண்டின் நிறத்தைப் பார்த்தவுடன் தெரியும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இவ்வளவு அருமையையும் அன்று யாம் அருமையாகக் கொள்ளவில்லை. எம் தெருவை அடுத்து, வளைகுடா நாடுகளுக்குச் சென்று பொருளீட்டியவர் வீடுகள் நிறைந்த தெரு இருந்தது. அத்தெருப் பிள்ளை ஒருவன் பள்ளியில் பலர் நடுவே எம்மைச் 'சாக்கடைக் கீரை' என்று அழைத்தான். கிணற்று நீர் ஓடும் வாய்க்கால் சாக்கடையன்று என்று விளக்கும் துணிவு பத்து வயதுப் பிள்ளைக்கு இல்லை. அன்று முதல் மதியம் என்ன உண்டாய் என்று யார் கேட்டாலும் 'இறைச்சி ஆணம்' என்றே சொல்லப் பழகிக்கொண்டோம். வீட்டில் சேம்பைக் கண்டால் முகம் சுளித்தோம். உம்மம்மா ஒருமுறை அதனைக் கவனித்துவிட்டார். "அதைப் பழிக்காதே வாப்பா. மழைக்காலத்துல நம்மளைக் காப்பாத்துறது தறி இல்ல, இதுதான்" என்று மட்டும் சொன்னார்.

வாய்மொழித் தேர்வில் ஒரு பொய்

காலம் உருண்டது. விசைத்தறிகள் பெருகிக் குழித்தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வாப்பா தறிக்குழியை மண்ணிட்டு மூடிவிட்டு ஒரு துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். யாம் தமிழ் கற்றோம். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குக் குறுந்தொகையில் வரும் மலைநிலத் தாவரங்களை ஆய்வுப்பொருளாகக் கொண்டோம். 1937ஆம் ஆண்டில் உ.வே.சாமிநாதையர் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பே எமக்கு வழிகாட்டி.

குறுந்தொகையின் 76ஆம் பாடல் கிள்ளிமங்கலங்கிழார் பாடியது. தலைவன் பிரிந்து செல்ல இருக்கிறான் என்ற செய்தியைத் தோழி தெரிவிக்க, அதற்குத் தலைவி கூறும் மறுமொழியாக அமைந்தது. மலைச்சாரலில் சேம்பின் அகன்ற இலையை வாடைக் காற்று தடவி அசைக்கிறது. அவ்வசைவு பெரிய களிற்றின் செவி அசைவதை ஒக்கிறது. நடுங்கவைக்கும் அத்தகைய முன்பனிக் காலத்திலா அவர் செல்வார் என்பது பாட்டின் கருத்து. பிரிவைச் சொல்ல வந்த புலவர் ஓர் இலையைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்.

பட்டினப்பாலையிலும் சேம்பு வருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் சோழநாட்டு வளம் கூறுமிடத்தில், தெங்கு, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை ஆகியவற்றோடு சேம்பையும் இஞ்சியையும் நிறுத்துகிறார். ஒரு பாட்டில் மலைச்சாரலின் காட்டுச் செடி. மற்றொன்றில் காவிரி பாயும் தோட்டத்துப் பயிர். காட்டிலிருந்து கொல்லைக்குச் சேம்பு இறங்கி வந்த வழியின் இரு முனைகளும் சங்க இலக்கியத்திலேயே உள்ளன. இதனை இன்று இவ்வாறு எழுதுகிறோம். அன்றைய ஆய்வேட்டில் எழுதியதோ, 'சேம்பு: ஒருவகைக் கிழங்குச் செடி, இலை அகன்றது' என்னும் ஒற்றை வரியே.

2003ஆம் ஆண்டில் வாய்மொழித் தேர்வு நடைபெற்றது. புறத்தேர்வாளராக வந்திருந்தவர் முதிர்ந்த பேராசிரியர், கனிவானவர். ஏட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அவ்வரியில் நின்றார். "தம்பி, நீங்கள் மலையடிவாரத்து ஊர்க்காரர் ஆயிற்றே. சேம்பைப் பார்த்திருப்பீர்கள். அதன் தண்டு இலையில் எந்த இடத்தில் பொருந்தியிருக்கிறது, சொல்லுங்கள்" என்றார்.

விடை எம் உள்ளங்கையில் இருந்தது. எத்தனை மழைநாளில் அத்தண்டைப் பிடித்து ஓடியிருக்கிறோம்! ஆனால் அறையில் எம் நெறியாளர் இருந்தார். உடன் ஆய்வு செய்தோர் இருந்தனர். வேறு துறையினரும் வந்திருந்தனர். எப்படித் தெரியும் என்று அடுத்து ஒரு கேள்வி வந்தால் கொல்லைப்புறத்தைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று மனம் கணக்கிட்டது. பத்து வயதில் கேட்ட ஏளனச் சிரிப்பு மீண்டும் செவியில் ஒலித்தது. "பார்த்ததில்லை ஐயா. அகராதியில் கண்டு எழுதினேன்" என்றோம்.

பேராசிரியர் சினங்கொள்ளவில்லை. "ஒருமுறை பார்த்துவிடுங்கள் தம்பி. பார்த்தால்தான் அந்தப் பாட்டு புரியும்" என்று கூறி ஏட்டை மூடினார். பட்டம் கிடைத்தது.

அன்று மாலை வீடு திரும்பியபோது உம்மம்மா திண்ணையில் காத்திருந்தார். "என்ன வாப்பா கேட்டாக?" என்றார். "உங்களுக்குப் புரியாது உம்மம்மா" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே எம் தலையைத் தடவிக் கொடுத்து, துஆச் செய்தார். அவர்தம் வாழ்நாளெல்லாம் அறிந்திருந்த ஒன்றைப் பற்றித்தான் கேட்டார்கள் என்று நாங்கள் அவரிடம் சொல்லவேயில்லை. 2009ஆம் ஆண்டில் அவர் மௌத்தானார்.

மாணவி கற்பித்த பாடம்

2019ஆம் ஆண்டு மார்கழியில் இளங்கலை வகுப்பில் அதே பாடலை நடத்திக்கொண்டிருந்தோம். வழக்கம்போல், இலை பெரியது, யானைச் செவியும் பெரியது, ஆகவே உவமை என்று விளக்கிவிட்டு, "சேம்பை யாரேனும் கண்டதுண்டா?" என்று கேட்டோம். விடை எதிர்பாராத கேள்வி அது. கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். அதுவரை வகுப்பில் வாய் திறந்தறியாதவள். "நாளைக்குக் கொண்டு வர்றேன் ஐயா" என்றாள்.

மறுநாள் பழைய செய்தித்தாளில் சுற்றி, முழுத் தண்டோடு மூன்று இலைகளைக் கொண்டுவந்தாள். சிலர் கைக்குட்டையால் வாயை மறைத்துச் சிரித்தனர். அவள் அதனைப் பொருட்படுத்தவில்லை. "எங்க அம்மா வாரச் சந்தையில கீரையும் கிழங்கும் விக்கிறாங்க. இது எங்க வாய்க்கால்ல வளருறது" என்றாள். எம் வாழ்நாளில் ஒருமுறைகூட எம்மால் சொல்ல இயலாத தொடர் அது. அவள் அதனை நாள் கிழமை சொல்வதுபோல் இயல்பாகச் சொன்னாள்.

பின்னர் இலையைத் திருப்பிக் காட்டினாள். "ஐயா, நீங்க பெருசா இருக்கிறதாலதான் யானைக் காதுன்னு சொன்னீங்க. எனக்கு அப்படித் தோணலை. இங்க பாருங்க" என்று தண்டு சேருமிடத்தில் விரல் வைத்தாள். பூவரச இலையில் காம்பு இலையின் விளிம்பில் சேருகிறது. சேம்பிலோ தண்டு விளிம்பைத் தாண்டி, இலைப்பரப்பின் உட்புறத்தில் வந்து பொருந்துகிறது. அதனால் இலை நிமிர்ந்து நிற்பதில்லை. நுனி தரை நோக்கத் தொங்குகிறது. அவள் தண்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மின்விசிறியைப் போடச் சொன்னாள். மார்கழிக் குளிரில் விசிறி சுழன்றது. தொங்கிய இலை முன்னும் பின்னும் மெல்ல அசைந்தது. கட்டி வைத்த யானை, ஈ ஓட்டுவதற்குச் செவியை அசைப்பது போலவே இருந்தது. வகுப்பில் சிரிப்பு அடங்கியது.

கிள்ளிமங்கலங்கிழார் கண்டது அளவை மட்டுமன்று, அசைவை. தண்டு வேறிடத்தில் பொருந்தியிருந்தால் அந்த அசைவு இல்லை. அசைவு இல்லையேல் அந்த உவமையும் இல்லை. வாடைக் காற்று தொட்டவுடன் தன்வயமின்றி அசையும் அவ்விலையில்தான் தலைவியின் நடுக்கமும் உள்ளது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் அப்பேராசிரியர் கேட்ட கேள்வியின் உட்பொருள் அப்போதுதான் எமக்கு விளங்கிற்று. அவர் தாவரவியல் கேட்கவில்லை. பாட்டைத் திறக்கும் திறவுகோலைக் கேட்டிருக்கிறார். அத்திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே கதவு பூட்டியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறோம். கொல்லைப்புறத்துச் சேம்பும் குறுந்தொகைச் சேம்பும் ஒன்றே என்பதை அறிந்திருந்தும், அவ்விரண்டையும் ஒருபோதும் அருகருகே வைத்துப் பார்த்ததில்லை. பார்க்க விடாமல் தடுத்தது வெட்கம்.

அன்று பாடவேளை முடிய இன்னும் சிறிது நேரம் இருந்தது. தறிக்குழியில் ஊறிய நீரையும், உம்மம்மாவின் புளிக்கரைசலையும், வாய்மொழித் தேர்வில் சொன்ன பொய்யையும் மாணவர்களிடம் அப்படியே சொன்னோம். ஆசிரியர் ஒருவர் இவ்வாறு பேசுவது தகுமா என்ற ஐயம் இருந்தது; ஆயினும் சொன்னோம். வகுப்பு அமைதியாகக் கேட்டது. இறுதியில் ஒரு மாணவன் எழுந்து, "அப்புறம் உங்க உம்மம்மாகிட்ட இதைச் சொன்னீங்களா ஐயா?" என்று கேட்டான். "இல்லை" என்றோம். மணி அடித்தது.

கடல் கடந்த உறவு

இச்செய்தியை ஓய்வறையில் பகிர்ந்துகொண்டபோது அரபுத்துறைப் பேராசிரியர் ஒருவர், "சேம்பைத்தானே அரபியில் குல்காஸ் என்கிறோம்" என்றார். அதன் பின்னரே யாம் தேடிப் படித்தோம். எகிப்து நாட்டு மக்கள் குல்காஸைப் பூண்டும் கொத்தமல்லியும் சேர்த்துச் சமைத்து விரும்பி உண்கின்றனர். பக்தாதில் பிறந்த மருத்துவ அறிஞர் அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி (1162 - 1231) எகிப்தைப் பற்றி எழுதிய நூலில், அந்நாட்டில் தாம் கண்ட தாவரங்களுள் ஒன்றாகக் குல்காஸையும் விவரித்துள்ளார். 1200 முதல் 1202 வரை எகிப்தை வாட்டிய கொடும் பஞ்சத்தைக் கண்ணால் கண்டு எழுதியவரும் அவரே. பிரமிடுகளை ஆராய்ந்த அதே பேனா ஒரு கிழங்கையும் ஆராய்ந்தது. அறிவுக்கு உயர்ந்த பொருள், தாழ்ந்த பொருள் என்ற பாகுபாடு இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

கிரேக்கர் வழங்கிய கொலோகாசியா என்னும் பெயரும் அரபியரின் குல்காஸும் உறவுடைய சொற்கள். 1753இல் லின்னேயஸ் இச்செடியை ஆரம் என்னும் பேரினத்தில் வைத்தார். 1832இல் ஷாட் என்னும் தாவரவியலார் இதனைக் கொலோகேசியா என்னும் பேரினத்திற்கு மாற்றினார். கொலோகேசியா எஸ்குலெண்டா என்பதே இன்றைய தாவரவியற் பெயர். எஸ்குலெண்டா என்றால் உண்ணத்தக்கது என்று பொருள். ஆங்கிலேயர் இதனை 'யானைச் செவி' என்றும் வழங்குவர். குறுந்தொகையை அறியாதவர் கண்ணுக்கும் யானையின் செவியே தோன்றியிருப்பது வியப்புக்குரியது.

இதன் தொன்மை பெரிது. பப்புவா நியூகினியில் கூக் என்னும் சதுப்பு நிலத்தில் கிடைத்த, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கற்கருவிகளில் சேம்பின் மாவுத் துகள்களை ஆய்வாளர் கண்டுள்ளனர். அவ்விடம் 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பசிபிக் கடலின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவினர் சேம்பைக் 'கலோ' என்பர். மனிதனுக்கு முன் பிறந்த மூத்த உடன்பிறப்பாக அதனைக் கருதுவது அவர்தம் தொல்மரபு. தோட்டத்துச் சேம்பு விதையால் பரவுவது அரிது. கிழங்கைப் பிரித்து நட்டால்தான் பரவும். அப்படியானால், காட்டு ஓடைக் கரையிலிருந்து நைல் நதிக்கரைக்கும் ஹவாய்த் தீவுக்கும் எம் வீட்டுக் கிணற்றடிக்கும் அதனைக் கொண்டு சேர்த்தவை மனிதக் கைகளே. ஒருவர் கை மற்றவர் கைக்குக் கொடுத்துக் கொடுத்து வந்த பொருள் அது. எம் உம்மம்மாவின் கை அவ்வரிசையில் ஒன்று. எம் கையில்தான் அது நின்றுவிட இருந்தது.

ஹவுள் அருகே

எம் வீட்டுக் கொல்லைப்புறம் இன்று இல்லை. வீட்டை எடுத்துக் கட்டியபோது கிணற்றை மூடினோம். தரையெங்கும் சிமெண்டுத் தளம் போட்டோம். நீர் குழாய் வழியே மண்ணுக்கடியில் செல்கிறது. சேம்பு எப்போது மறைந்தது என்பதைக்கூட யாம் கவனிக்கவில்லை.

அம்மாணவியிடம் கேட்டு அவள் தாயாரிடமிருந்து நான்கு பக்கக்கிழங்குகளை வாங்கினோம். அவ்வம்மையார் விலை பெற மறுத்துவிட்டார். "நட்டு வளர்க்கிறவங்களுக்கு விதைக்கிழங்கை விக்கக்கூடாது சார். சும்மாதான் குடுக்கணும்" என்றார். கல்லூரிப் பள்ளிவாசலின் ஹவுளில் ஒளூச் செய்யும் நீர் வழிந்து ஒரு சிறு வாய்க்காலாக ஓடி மரங்களின் அடியில் பாய்வதைப் பலரும் கண்டிருப்பீர்கள். தலைமை இமாம் அவர்களின் இசைவு பெற்று அவ்வாய்க்கால் ஓரம் நட்டோம். தொற்றுநோய்க் காலத்தில் 2020இல் கல்லூரி மூடிக் கிடந்தபோது காவலாளர் அவற்றுக்கு நீர் ஊற்றிக் காத்தார். நான்கு கிழங்கு இன்று ஒரு வரிசையாகப் பெருகியுள்ளது. குறுந்தொகை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் அப்பாடலுக்கு மட்டும் மாணவரை அங்கே அழைத்துச் செல்கிறோம். காற்று வரும்வரை காத்திருக்கிறோம். காற்று வந்து இலை அசைந்த பிறகே உரை சொல்கிறோம்.

அன்பு மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். உங்கள் வீட்டில் உம்மாவும் பாட்டியும் செய்யும் தொழில், சமைக்கும் உணவு, சொல்லும் சொல் இவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கல்லூரிக்கு வெளியே வைத்துவிட்டு வருவதே நாகரிகம் என்று உங்களுக்கும் தோன்றக்கூடும். எமக்கும் அவ்வாறே தோன்றியது. அதனால் யாம் இழந்தது ஒரு பாட்டின் பொருள் மட்டுமன்று. ஒரு மாலைப்பொழுதில் திண்ணையில் அமர்ந்து, "உங்கள் சேம்பைப் பற்றித்தான் கேட்டார்கள் உம்மம்மா" என்று சொல்லியிருக்கக்கூடிய வாய்ப்பையும் இழந்தோம். பாட்டின் பொருளை ஒரு மாணவி மீட்டுத் தந்தாள். மற்றதை மீட்டுத் தர எவராலும் இயலாது. உங்கள் வீட்டில் கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே சென்று சொல்லிவிடுங்கள்.

வல்ல அல்லாஹ் எம் உம்மம்மாவின் கப்ரை ஒளிமயமாக்கி வைப்பானாக. ஹவுள் அருகேயுள்ள செடி வரிசையின் முன் துறையின் சார்பில் சிறு பெயர்ப்பலகை ஒன்றை நட்டுள்ளோம். அதில் என்ன எழுதலாம் என்று மாணவர் கேட்டபோது, 'சேம்பு' என்று மட்டும் எழுதச் சொன்னோம். ஒருவகைச் செடி என்று எழுத வேண்டாம் என்றோம்.